ஆப்பிரிக்காவின் குழந்தைகள் யாருக்குப் பாரம்?

ஆப்பிரிக்காவில் ஜனத்தொகை வெடிக்கிறது, இனி பூமி தாங்காது என்ற பல்லவியை ஆங்கிலப் பத்திரிகைகள் விடாமல் பாடிக்கொண்டிருக்கின்றன. அதைப் படித்துவிட்டு நம்மவர்களிலும் சிலர், "நாமெல்லாம் ஒன்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளவில்லையா? அவர்களுக்கு ஏன் இன்னும் புத்தி வரவில்லை?" என்று கேட்கிறார்கள். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் கேள்வி அவருடையது அல்ல. வேறு யாரோ சமைத்து, பொட்டலம் கட்டி, நம் கையில் கொடுத்த கேள்வி. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்வது உழைக்கும் மக்களுக்கு அழகல்ல என்பதால் இந்த மாதத் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் கணக்கு. குமாஸ்தாவின் கை முதலில் கணக்குக்குத்தான் போகும். தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1950ல் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் ஏறத்தாழ 23 கோடி மக்கள் இருந்தார்கள். அவர்களில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சுமார் 11 கோடி. உலகக் குழந்தைகளில் பத்தில் ஒன்று அங்கே இருந்தது. இன்று அந்தக் கண்டத்தின் ஜனத்தொகை 150 கோடி. பிள்ளைகள் மட்டும் ஏறத்தாழ 70 கோடி. பத்தில் ஒன்று என்பது பத்தில் மூன்று ஆகிவிட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப் 2014ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2050ல் அங்கே பிள்ளைகள் 100 கோடியை நெருங்குவார்கள், நூற்றாண்டின் முடிவில் உலகக் குழந்தைகளில் பாதிக்குப் பாதி ஆப்பிரிக்கக் குழந்தைகளாக இருப்பார்கள் என்றது. பின்னால் வந்த கணக்குகள் 2050க்கான தொகையைச் சற்றுக் குறைத்தாலும் 90 கோடிக்குக் கீழே இறங்கவில்லை. நைஜீரியா என்ற ஒரே நாட்டில் ஓராண்டில் பிறக்கும் குழந்தைகள் சுமார் 75 லட்சம். ருஷ்யாவையும் சேர்த்து ஐரோப்பாக் கண்டம் முழுவதிலும் பிறப்பவர்கள் அதைவிடக் குறைவு.

தொகை பெரியதுதான். அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தொகை ஏன் பெருகியது என்று கேட்காமல் "பெருகிவிட்டார்களே" என்று அலறுகிறார்களே, அங்கேதான் சூது இருக்கிறது.

நம் பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். "எட்டுப் பெற்றேன், நாலு தங்கியது" என்பார்கள். ஆப்பிரிக்கத் தாயின் கதையும் அதுவே. 1950ல் அங்கே பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஐந்தாவது வயதைக் காணாமலே மண்ணுக்குப் போனது. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகளில் 1990ல்கூட ஆயிரம் குழந்தைகளில் 180 ஐந்து வயதுக்குள் இறந்தன. 2022ல் அது 71. தட்டம்மை ஊசி, கொசுவலை, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர், பிரசவம் பார்க்கப் பழகிய ஒரு பெண் என்று சின்னச் சின்ன விஷயங்கள் செய்த வேலை இது. 71 என்பதும் வெட்கக்கேடான எண்தான். என்றாலும் கூடுதலாகத் தெரிகிற அந்தக் கோடிக்கணக்கான குழந்தைகளில் பெரும்பகுதி, முன்பானால் குழிக்குப் போயிருக்க வேண்டியவர்கள். அவர்கள் உயிரோடு இருப்பதைத்தான் "வெடிப்பு" என்கிறார்கள்.

பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் தாய் குறைவாகப் பெறத் துணிவாள். அந்த நம்பிக்கை ஒரு தலைமுறை தாமதித்தே வரும். இடையில் உள்ள காலத்தில் சாவு குறைந்திருக்கும், பிறப்பு குறைந்திருக்காது, ஜனத்தொகை ஏறும். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதுவே நடந்தது. அப்போது பெருகிய அவர்களுடைய பிள்ளைகளுக்கு அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கிடைத்தன. அங்கே முன்பே வாழ்ந்தவர்களின் கதி என்ன ஆயிற்று என்பது வேறு கதை. ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு மத்தியதரைக் கடலில் ரப்பர் படகும் எதிர்க்கரையில் முள்வேலியும் கிடைத்திருக்கின்றன.

இன்னொரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. ஆப்பிரிக்காவில் பிறப்பு விகிதம் குறையவே இல்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு தாய்க்குச் சராசரியாக ஆறரைக் குழந்தை என்றிருந்த கண்டத்தில் இன்று சராசரி நான்கு. அப்படியானால் குழந்தைகளின் மொத்தத் தொகை ஏன் இன்னும் ஏறுகிறது? ரயில்வேயில் வேலை செய்கிற தோழர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பாரம் ஏற்றிய கூட்ஸ் வண்டி பிரேக் போட்ட இடத்திலேயே நிற்காது. ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். நேற்றுப் பிறந்த பெண் குழந்தைகள் இன்று தாயாகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் தாயைவிடக் குறைவாகப் பெற்றாலும், தாய்மார்களின் எண்ணிக்கையே பெருகி நிற்பதால் தொட்டில்களின் எண்ணிக்கை குறையாது. இந்தியாவிலும் இப்படி ஓடித்தான் வண்டி வேகம் குறைந்தது. 1951ல் 36 கோடியாக இருந்தோம், 2011ல் 121 கோடி ஆனோம். ஆனால் இன்று ஒரு தாய்க்குக் குழந்தை இரண்டு என்ற நிலைக்கு நாடு வந்துவிட்டது. தமிழ்நாடு அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் வண்டிக்கும் பிரேக் விழுந்திருக்கிறது. எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்பது அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அந்தப் பெண் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

இடம் இல்லை என்கிறார்கள். சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்தால் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல் பதினான்கு மடங்கு. இந்தியாவைப் போல் ஒன்பது மடங்கு. 3 கோடி சதுர கிலோமீட்டர் நிலத்தில் 150 கோடி மக்கள். அதில் ஒன்பதில் ஒரு பங்கு நிலத்தில் நாம் ஏறக்குறைய அதே தொகை மக்கள் வாழ்கிறோம். சஹாரா மணலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நம் நெரிசல் அவர்களுக்கு இல்லை. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்து எழுந்த குடும்பங்கள் ஆப்பிரிக்காவில் இடம் போதாது என்று கவலைப்படுவது வேடிக்கைதான்.

நமக்கு இதில் ஞாபகம் இருக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்று ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுகிற இதே வார்த்தைகளை நேற்று நம்மைப் பற்றிப் பேசினார்கள். பால் எர்லிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1968ல் ஜனத்தொகையை வெடிகுண்டு என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் போட்டார். அதன் தொடக்கக் காட்சியே டெல்லியில் ஒரு டாக்ஸிப் பயணம். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஏழை ஜனங்களைக் கண்டு அவருக்கு உண்டான பயம். 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் செத்துப்போவார்கள், எதுவும் செய்ய முடியாது என்று எழுதினார். அவர் சொன்ன அளவில் எதுவும் நடக்கவில்லை. டாக்ஸி ஜன்னலுக்கு வெளியே அவர் பார்த்த கூட்டம் நம் தகப்பன்மார்கள்.

அந்தப் பயம் காகிதத்தோடு நிற்கவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும், நாட்டில் 82 லட்சம் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. இத்தனை பேரைப் பிடித்துக் கொடு, இல்லாவிட்டால் சம்பளம் நிற்கும் என்று சர்க்கார் ஊழியர்களுக்குக் கோட்டா போட்டார்கள். வட மாநிலங்களில் நடைபாதையில் படுத்தவனையும் கூலிக்கு வந்தவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சிகிச்சைக்குப் பிறகு இறந்தவர்கள் என்று 1,700க்கு மேற்பட்ட புகார்கள் ஷா கமிஷன் முன்னால் வந்தன. யாரைப் பிடித்தார்கள் என்று கவனியுங்கள். பங்களாவில் இருந்தவனையா? எங்கெல்லாம் "அதிகப்படியான ஜனங்கள்" என்ற பேச்சு எழுகிறதோ, அங்கெல்லாம் அதிகப்படி ஆகிறவன் எப்போதும் ஏழை, வேற்றூர்க்காரன், கேட்பாரற்றவன். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டுக்காரர்களுக்கு எதிராக எழுந்த கூச்சலும் இதே ராகம்தான். வேலைக்கு நாம் வேண்டும். எண்ணிக்கையில் நாம் கூடாது.

இப்போது நைஜர் என்ற நாட்டுக்கு வாருங்கள். நைஜீரியா அல்ல, அதற்கு வடக்கே உள்ள ஏழை நாடு. உலகிலேயே ஒரு தாய்க்கு மிக அதிகக் குழந்தைகள் பிறக்கும் நாடுகளில் ஒன்று. ஜனங்களில் பாதிப் பேர் பதினைந்து பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள். 2017ல் ஹாம்பர்க்கில் ஜி-20 கூட்டம் முடிந்ததும் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன், ஒரு பெண்ணுக்கு ஏழெட்டுக் குழந்தைகள் பிறக்கும் நாடுகளில் எத்தனை கோடி கொட்டினாலும் பயன் இல்லை என்ற கருத்துப்படப் பேசினார். ஏழு என்ற கணக்கை எட்டிய நாடுகள் அந்தக் கண்டத்தின் ஐம்பத்து நான்கு நாடுகளில் ஒன்றிரண்டுதான். அவர் பேச்சில் கண்டமே அப்படி என்று ஆகிவிட்டது. அது போகட்டும். அந்த நைஜரின் அர்லித் பாலைவனத்தில் 1971 முதல் யுரேனியம் வெட்டி எடுத்தது பிரெஞ்சு நிறுவனம். பிரான்ஸின் அணுமின் நிலையங்களுக்கு அது எரிபொருள். நைஜரில் ஐந்து பேரில் நான்கு பேர் வீட்டில் இன்றும் மின்சாரம் இல்லை. அரை நூற்றாண்டு வெட்டி எடுத்த பிறகு 2025ல் அந்த நாட்டு ராணுவ அரசு சுரங்கத்தைத் தேசியமயமாக்குவதாக அறிவித்தது. அங்கே பெண் குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடம் இல்லாத ஊரில், விளக்கு இல்லாத வீட்டில், பதினைந்து வயதில் தாயாகிறவள் எத்தனை பெறுவாள்? கொட்டியது எத்தனை கோடி என்று சொன்னவர், வெட்டியது எத்தனை கோடி என்று சொல்லவில்லை.

மாறாக, வேறு விதமாக நடந்த இடங்களும் அதே கண்டத்தில் உண்டு. நம்மவர்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். மொரீஷியஸ் தீவு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறிய நம் முன்னோரின் வம்சம் அங்கே இன்றும் இருக்கிறது; அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1940களின் இறுதியில் அங்கே மலேரியாவை ஒடுக்கினார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள், ஜனத்தொகை மளமளவென்று ஏறியது. 1960களின் தொடக்கத்தில் ஒரு தாய்க்கு ஆறு குழந்தை என்ற கணக்கு. பின்னால் நோபல் பரிசு வாங்கிய ஜேம்ஸ் மீட் என்ற ஆங்கிலப் பொருளாதார நிபுணர் வந்து பார்த்து, இந்தத் தீவுக்கு எதிர்காலம் இருண்டது என்ற தோரணையில் 1961ல் அறிக்கை கொடுத்தார். நடந்தது என்ன? ஊரூராக மருத்துவ நிலையம் வந்தது. 1977ல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு இலவசமாயிற்று. தையல் ஆலைகள் வந்தன. பெண்கள் வேலைக்குப் போனார்கள். ஆலைகளில் கூலி குறைவு, வேலை கடுமை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தன் கையில் சம்பளம் வாங்கிய பெண், எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளை என்பதில் வாய் திறக்க ஆரம்பித்தாள். 1980களிலேயே ஒரு தாய்க்கு இரண்டு குழந்தை என்ற இடத்துக்கு அந்தத் தீவு வந்துவிட்டது. யாரையும் வண்டியில் பிடித்துப் போட்டுக் கொண்டுபோகவில்லை.

தீவு சின்னது, அதைப் பெரிய நாட்டோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சரி, கென்யாவைப் பாருங்கள். 1970களின் இறுதியில் அங்கே ஒரு தாய்க்கு எட்டுக் குழந்தை. அன்று உலகிலேயே அதிகம் என்று பேசப்பட்ட நாடு. 2022ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் அது 3.4. அந்தக் கணக்கெடுப்பிலேயே இன்னொரு வரி இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத பெண்களுக்கு ஆறுக்கு மேல்; உயர்நிலைக் கல்வியைத் தாண்டிப் படித்தவர்களுக்கு மூன்றுக்கும் குறைவு. ஒரே நாடு, ஒரே காலம். நடுவில் நிற்பது பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் என்றதும் அடுத்த கேள்வி, அதற்குப் பணம் யார் கொடுப்பது. இங்கேதான் விஷயத்தின் ஆணிவேர்.

1980களில் ஆப்பிரிக்க நாடுகள் கடனில் மூழ்கியபோது உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.பும் வந்து நிபந்தனை போட்டன. செலவைக் குறை, ஆள் எடுக்காதே, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் ஜனங்களிடம் கட்டணம் வாங்கு. கட்டணம் வந்ததும் ஏழை வீட்டில் முதலில் நின்றது பெண் குழந்தையின் படிப்பு. சஹாராவுக்குத் தெற்கே ஆரம்பப் பள்ளியில் சேரும் பிள்ளைகளின் விகிதம் அந்தப் பத்தாண்டில் கூடுவதற்குப் பதில் குறைந்தது. அன்றைக்குப் பள்ளியை விட்டு நின்ற அந்தச் சிறுமிகள்தான் பின்னாளில் இன்றைய குழந்தைகளின் தாய்மாரும் பாட்டிமாரும் ஆனார்கள். ஆக, இன்று யாருடைய எண்ணிக்கையைக் கண்டு பயப்படுகிறார்களோ, அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு பயப்படுகிறவர்களே போட்ட உத்தரவில் விளைந்தது.

கட்டணத்தை எடுத்தபோது என்ன நடந்தது என்பதும் கண் முன்னால் இருக்கிறது. மலாவி 1994ல் எடுத்தது. உகாண்டா 1997ல் எடுத்தது. முப்பது லட்சமாக இருந்த ஆரம்பப் பள்ளி மாணவர் தொகை ஒரே ஆண்டில் ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. தான்சானியா 2001ல், கென்யா 2003 ஜனவரியில். கென்யாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புதுப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, மருகே என்ற எண்பத்து நான்கு வயதுக் கிழவர், வெள்ளையரை எதிர்த்த போராட்டத்தில் இருந்தவர், 2004ல் அரை நிஜார் போட்டுக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். படிக்க ஆசை இல்லாத ஜனங்கள் என்று இனி யாராவது சொல்லட்டும்! ஆனால் வகுப்பறை பெருகவில்லை, வாத்தியார் பெருகவில்லை. ஒரு வாத்தியார் முன்னால் நூறு பிள்ளை என்று உட்கார்ந்தார்கள். பாதி பேர் பாதியில் நின்றார்கள். 2022ல் யுனெஸ்கோ கணக்குப்படி சஹாராவுக்குத் தெற்கே பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகளும் இளைஞர்களும் 9.8 கோடி. 2030க்குள் அந்தக் கண்டத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படும் ஆசிரியர்களும் சுகாதார ஊழியர்களும் மொத்தம் 1.1 கோடிப் பேர் என்று யூனிசெஃப் 2017ல் கணக்குக் கொடுத்தது. அவ்வளவு பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

இருக்கிற பணம் வட்டிக்குப் போகிறது. கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் கட்டுகிற நாடுகளில் உலகில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐ.நா.வின் வர்த்தக அமைப்பு 2024ல் சொன்னது. வெளிக்கடனுக்கு ஆப்பிரிக்க நாடுகள் கட்டும் வட்டி விகிதம் அமெரிக்கா கட்டுவதைப் போல் நான்கு மடங்கு, ஜெர்மனி கட்டுவதைப் போல் எட்டு மடங்கு என்றும் அதே அமைப்பு சொல்லியிருக்கிறது. பாங்கு கடன் கொடுக்காததால் சேட்டிடம் மீட்டர் வட்டிக்கு வாங்கிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இல்லாதவனுக்குத்தான் வட்டி அதிகம். ஜாம்பியா 2020லும் கானா 2022லும் எத்தியோப்பியா 2023லும் தவணை கட்ட முடியாமல் கையை விரித்தன.

பள்ளியில் இடம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? வேலைக்குப் போகும். 2024ல் உலகில் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள், அதில் 8.7 கோடிப் பேர் சஹாராவுக்குத் தெற்கே. நான்கு ஆண்டுக்கு முன் நூற்றுக்கு 24 பிள்ளைகள் வேலை செய்தார்கள், இப்போது 22. விகிதம் குறைந்தும் தலைக்கணக்கு குறையவில்லை, பிள்ளைகளின் மொத்தத் தொகை ஏறிவிட்டதால். தொகை ஏறும்போது பழைய வேகத்தில் பள்ளி கட்டினால் போதாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. உலகின் கோகோவில் பாதிக்கு மேல் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் விளைகிறது. அந்த இரண்டு நாடுகளிலும் கோகோ வேலையில் பதினைந்து லட்சம் பிள்ளைகள் இருப்பதாக 2020ல் ஒரு பெரிய ஆய்வு கண்டது. கைபேசி பாட்டரிக்கும் மின்சார வண்டிக்கும் வேண்டிய கோபால்ட்டில் சுமார் எழுபது சதவீதம் காங்கோவிலிருந்து வருகிறது. தெற்குக் காங்கோவின் சுரங்கங்களில் நாற்பதாயிரம் சிறுவர் சிறுமியர் வேலை செய்வதாக 2014ல் யூனிசெஃப் மதிப்பிட்டது. பாரம் என்கிறார்களே, யார் யாரைச் சுமக்கிறார்கள்?

குழந்தைகள் வேண்டாம் என்பவர்களுக்கு அவர்கள் வளர்ந்து நர்ஸ் ஆனால் மட்டும் வேண்டும். கானாவிலும் நைஜீரியாவிலும் ஏழை நாட்டுச் செலவில் படித்த நர்ஸை இங்கிலாந்து கூப்பிட்டுக்கொள்கிறது. சுகாதார ஊழியர் பஞ்சம் உள்ள நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் கொடுத்த பட்டியலில் 55 நாடுகள். அதில் 37 ஆப்பிரிக்க நாடுகள். போகிற நர்ஸை நாம் குறை சொல்ல மாட்டோம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு அந்த உரிமை இல்லை. படிக்கவைத்த செலவைத் திருப்பிக் கொடுக்காமல் ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளும் சர்க்கார்களைத்தான் சொல்கிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அளவோடு பெறுவது வேண்டாம் என்று இந்தத் தலையங்கம் சொல்கிறது என யாரும் நினைத்துவிடக் கூடாது. எத்தனை, எப்போது என்று முடிவு செய்யும் உரிமை பெறுகிறவளுக்கு வேண்டும். மாத்திரையும் ஊசியும் ஆஸ்பத்திரியும் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் தடுக்க விரும்பியும் வழி கிடைக்காத பெண்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாங்கி பெல்ஜியத்தில் ஒரு கிடங்கில் வைத்திருந்த, 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைச் சாதனங்களை அழித்துவிட முடிவு செய்திருப்பதாக 2025 ஜூலையில் அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. காலாவதி ஆனவை அல்ல, நல்ல சரக்கு. ஒரு பக்கம் "பெருகுகிறார்கள்" என்று கூச்சல், மறு பக்கம் மாத்திரைக்குத் தீ. இதற்கு மேல் இவர்கள் அக்கறையைப் பற்றி எழுத மை வீணாக்க வேண்டாம்.

குற்றம் எல்லாம் வெள்ளைக்காரன் மேல் என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மை. ஆப்பிரிக்க அரசுகளே 2001ல் அபுஜா நகரில் கூடி, பட்ஜெட்டில் நூற்றுக்குப் பதினைந்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று கையெழுத்துப் போட்டன. காப்பாற்றிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணெய் விற்ற நைஜீரியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள். எண்ணெய்ப் பணம் எந்தெந்த ஊர் பாங்கில் போய் உட்கார்ந்தது என்று உலகுக்கே தெரியும். கேமரூன் நாட்டில் ஜனங்களில் பாதிப் பேர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். அவர்களை ஆள்பவர் பால் பியா. 1982 முதல் ஜனாதிபதி. 2025 அக்டோபரில் தொண்ணூற்றிரண்டாவது வயதில் மறுபடியும் ஏழு ஆண்டுக்கு வெற்றி என்று அறிவித்துக்கொண்டார். கொள்ளுப்பேரன் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

இந்தப் பிள்ளைகளில் பலர் எண்ணிக்கையில்கூட இல்லை என்பதுதான் விசித்திரம். எங்கள் புக்கிங் கவுண்டரில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வரை படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட். வயதைச் சொன்னால் எழுதிக்கொள்கிறோம். ஆனால் பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாத குழந்தை பள்ளியில் பெயர் எழுத முடியாது, ஊசிக் கணக்கில் வராது, பதினான்கு வயதில் சுரங்கத்தில் பிடிபட்டால் பதினெட்டு என்று எழுதிவிடலாம். சஹாராவுக்குத் தெற்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிதான் பதிவாகிறது. 9 கோடிக் குழந்தைகளுக்குப் பிறப்புப் பதிவு இல்லை என்று 2024 டிசம்பரில் யூனிசெஃப் சொன்னது. ஊரில் வாங்கிய சான்று இங்கே செல்லாது, இங்கே வாங்கியது ஊரில் செல்லாது என்று ரேஷன் கார்டுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அலைந்த குடும்பங்களுக்கு இந்த 9 கோடியின் பொருள் தெரியும். கோடிக்கணக்கில் பெருகுகிறார்கள் என்று எண்ணத் தெரிந்த உலகத்துக்கு, ஒவ்வொருவராகப் பெயர் எழுதத் தெரியவில்லை.

அந்தக் குழந்தைகள் குழந்தைகளாகவே இருந்துவிடவும் போவதில்லை. 2003ல் கட்டணம் இல்லாத பள்ளிக்குள் ஓடி வந்த கென்யாப் பிள்ளைகள் 2024ல் இருபதுகளில் இருந்தார்கள். படித்தும் வேலை இல்லாதவர்கள். கடன் கட்டுவதற்காக அரசு நிதி மசோதா கொண்டுவந்து, ரொட்டிக்கும்கூட வரி போட முதலில் யோசித்தபோது தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 25 அன்று பார்லிமென்டுக்குள் நுழைந்தார்கள். போலீஸ் சுட்டது, அந்த வாரங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மறுநாளே ஜனாதிபதி மசோதாவை வாபஸ் வாங்கினார். கடன் அப்படியே இருக்கிறது.

இந்திய அரசுக்கு இதில் சொல்ல இடம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் டெல்லியில் கூடிய ஜி-20 மாநாட்டில்தான் ஆப்பிரிக்க யூனியன் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. அதைத் தன் சாதனையாக நம் அரசு விளம்பரப்படுத்தியது, நியாயம்தான். 2025 நவம்பரில் ஆப்பிரிக்க மண்ணில் முதல் முறையாக, ஜொகன்னஸ்பர்க்கில், ஜி-20 கூடியது. அமெரிக்கா வரவில்லை. மற்றவர்கள் கடன் சுமையைப் பற்றி அறிக்கையில் நாலு வரி எழுதிக் கலைந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கடன் கொடுத்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நாற்காலி வாங்கிக் கொடுத்தது போதாது. ஆரம்பப் பள்ளிக்கும் பிரசவ விடுதிக்கும் செலவிடுகிற நாட்டிடம் அந்தத் தொகை அளவுக்கு வட்டியைத் தள்ளுபடி செய்ய வேண்டும், தன் பங்கைத் தானே முதலில் தள்ளுபடி செய்து காட்ட வேண்டும் என்று சங்கத்தின் பொதுக்குழு தீர்மானம் போட இருக்கிறது. தீர்மானத்தின் வாசகம் அடுத்த இதழில் வரும். கூட்டத்துக்கு வரும் தோழர்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்து வர வேண்டும். மொரீஷியஸ் பற்றியும் கென்யா பற்றியும் பேச அவர்களுக்குத்தான் அதிகம் இருக்கும்.